முகம் வேண்டாம், குரல் போதும்

ஒன்றாகச் சேர்ந்து மொபைல் கேம் ஆடும் எங்கள் கிளானுக்காக யூடியூபில் நடத்தும் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் முதலில் கேட்பது, "என்ன கேமரா அண்ணா வெச்சிருக்கீங்க?" என்றுதான். எங்களிடம் கேமராவே கிடையாது. யாருடைய முகமும் அதில் வருவதில்லை. திரையில் ஆட்டம் ஓடும், அதன்மேல் நான்கைந்து பேர் பேசுவார்கள். காசு இல்லாததால் இப்படி ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை எழுதத்தான் இந்தப் பதிவு.

"எங்க ஊர் ஸ்குவாடுக்கும் ஒரு ஷோ ஆரம்பிக்கணும், எவ்வளவு ஆகும்?" என்று அடிக்கடி மெசேஜ் வருகிறது. செலவுக் கணக்கைச் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதையெல்லாம் காட்டாமல் விடப்போகிறீர்கள்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் செலவு தானாகத் தெரிந்துவிடும். நிகழ்ச்சிக்கு ஒரு உருவமும் வந்துவிடும்.

இப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்பதே எனக்கு 'ரெட் வெர்சஸ் ப்ளூ' பார்த்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில், பர்னி பர்ன்ஸும் அவருடைய நண்பர்களும் 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி அதன் முதல் பகுதியை இணையத்தில் விட்டார்கள். பின்னால் ரூஸ்டர் டீத் என்ற நிறுவனமாக வளர்ந்தது இந்தக் கூட்டம்தான். செட்டும் இல்லை, அனிமேஷன் செய்ய ஆட்களும் இல்லை. 'ஹேலோ' விளையாட்டும் எக்ஸ்பாக்ஸும் இருந்தன. விளையாட்டுக்குள் இருக்கும் வீரர்களையே பொம்மைகளாக ஆட்டி, மேலே குரல் கொடுத்துக் கதை சொல்லிவிட்டார்கள்.

எக்ஸ்பாக்ஸ்களை ஒன்றோடொன்று இணைத்து எல்லோரும் ஒரே ஆட்டத்துக்குள் போவார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை நகர்த்துவார்கள். ஒருவர் மட்டும் கதைக்குள் வராமல் பார்த்துக்கொண்டு நிற்பார், அவருடைய திரையில் தெரிவதுதான் காட்சி. ஆனால் அந்தத் திரையில் அவருடைய துப்பாக்கி, உயிர் அளவு என்று என்னென்னவோ தெரியுமே? மேலேயும் கீழேயும் சினிமாவில் வருவதுபோல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தார்கள். பாத்திரங்கள் பேசும்போது வாய் அசைய வேண்டுமே? ஹேலோ வீரர்களுக்கு முகமே தெரியாது, தலை முழுக்க ஹெல்மெட். கன்ட்ரோலரை லேசாக ஆட்டித் தலையை அசைத்தாலே யார் பேசுகிறார் என்று புரிந்துவிடும். இன்னொரு சிக்கல், எந்நேரமும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆட்களை வைத்துச் சாதாரணமாக அரட்டை அடிப்பதாகக் காட்ட முடியாது. அந்த முதல் ஹேலோவில் ஒரு கோளாறு இருந்தது. பிஸ்டல் வைத்திருப்பவர் தரையைப் பார்த்தால், மற்றவர்கள் திரையில் அவர் கையைத் தொங்கவிட்டு நேராகப் பார்ப்பதுபோல் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஹேலோ 2' வந்தபோது, அதை உருவாக்கிய பங்கி நிறுவனமே துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடிக்க ஒரு வசதியைச் சேர்த்துக்கொடுத்தது.

இந்தத் தந்திரங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அவர்கள் தேர்ந்தெடுத்த நேரம். அது சுட்டுத் தள்ளும் விளையாட்டு. அதற்குள் போய், சுடாமல் சும்மா நிற்கும் நேரத்தைக் கதையாக்கினார்கள். ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் இரண்டு கூட்டம், எதற்காக இங்கே நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியாது, பேசிக்கொண்டே இருக்கிறார்கள். லாபியில் ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும்போது நாம் பேசுவோமே, அந்தப் பேச்சு. விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் அது தன் வீட்டுப் பேச்சாகக் கேட்டது. நன்றாகச் சுடுகிறவர்களின் வீடியோ எத்தனையோ கிடைக்கும். ஒரு கூட்டம் தன் பேச்சைத் தானே கேட்கும் இடம் அப்போதும் அரிது, இப்போதும் அரிது.

'தி கில்டு' இதற்கு அடுத்த பாடம். 2007 ஜூலையில் ஃபெலிசியா டே தொடங்கிய தொடர். அவர் நடிகை, இரண்டு வருஷம்போல 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் மூழ்கிக் கிடந்தவர். ஒரே கில்டில், அதாவது ஒரே விளையாட்டுக் குழுவில், ஆடும் ஆறு பேர் நேரில் சந்தித்துக்கொள்வதுதான் கதை. டிவிக்காக எழுதிய கதையைச் சின்னச் சின்னப் பகுதிகளாக்கி, வீடுகளிலேயே படமெடுத்தார்கள். ஒவ்வொரு பகுதியும் நாயகி கோடெக்ஸ் தன் வெப்கேமைப் பார்த்துப் பேசுவதில் தொடங்கும். ஒரு நாற்காலி, ஒரு அறை, ஒரு முகம். எடுப்பதற்கு அதைவிட மலிவான காட்சி கிடையாது. பார்ப்பவர்களும் அதேபோன்ற நாற்காலியில், அதேபோன்ற திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சில பகுதிகளோடு கையிலிருந்த காசு தீர்ந்தது. பார்வையாளர்கள் பேபால் வழியே அனுப்பிய பணத்தில்தான் முதல் சீசன் பெரும்பாலும் முடிந்தது.

அந்தத் தொடரில் அவர்கள் விளையாடும் விளையாட்டைக் காட்டவே மாட்டார்கள். அதற்குப் பெயரும் கிடையாது. 'அந்த கேம்' என்பதோடு சரி. ஆட்கள் திரையைப் பார்த்துக் கத்துவதைத்தான் நாம் பார்ப்போம், திரையில் என்ன நடக்கிறது என்பதை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். காட்ட அனுமதி வாங்க வேண்டியதில்லை, கிராஃபிக்ஸ் செலவும் இல்லை. ஆறு சீசன் ஓடி 2013-இல் முடிந்த தொடரை இன்றைக்குப் போட்டாலும் பழசாகத் தெரியாததற்கு இது ஒரு காரணம் என்பேன்.

எந்த ஒரு விளையாட்டையும் சார்ந்திராததன் அருமை நம் ஊரில் விளையாடுகிறவர்களுக்கு நன்றாகவே புரியும். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடைசெய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் இருந்தது. அக்டோபர் கடைசியில் சர்வரும் நின்றுபோனது. கிளானில் பாதிப் பேர் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்தது. பப்ஜியின் இடத்தில் 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ ஒரு வருஷம் ஓடி, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து காணாமல் போய், அடுத்த வருஷம் மே மாதம்தான் திரும்பி வந்தது. இத்தனைக்கும் நடுவில் எங்கள் வாட்ஸ்அப் குழு மட்டும் ஒரு நாள்கூட அடங்கவில்லை. விளையாட்டே இல்லாத மாதங்களிலும் "யாராச்சும் இருக்கீங்களா?" என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் கேட்பார், ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். நிகழ்ச்சி ஒன்று செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, அது எந்த விளையாட்டைப் பற்றியும் இருக்கக் கூடாது, இந்த ஏழெட்டுப் பேரைப் பற்றி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அதுதான் காரணம். விளையாட்டை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்தக் கூட்டத்தை நிறுத்த முடியாது.

ஆகவே எங்கள் முறை இதுதான். விளையாட்டுக்குள் நாங்கள் மட்டும் ஆட ஒரு கஸ்டம் ரூம் போடுவோம். ஒருவர் பார்வையாளராக உள்ளே வந்து, மற்றவர்களைப் பின்தொடர்ந்து படம் பிடிப்பார். ஆஸ்டின்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வழி. வயல்வெளியில் ஜீப் ஓட்டிக்கொண்டு போவதும், மலைமேல் நின்று வேடிக்கை பார்ப்பதும்தான் எங்களுக்கு வேண்டிய காட்சி. சண்டைக் காட்சி வந்தால் பேச்சு காணாமல் போய்விடும். பேச வருகிறவர்கள் எங்கள் கிளான் ஆட்கள்தான். ஒருவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், ஒருவர் நூற்பாலையில் இரவு ஷிஃப்ட், இன்னொருவர் நர்சிங் படிக்கிறார். அன்றைக்கு நடந்தது, ஊரில் நடப்பது, மழை, சம்பளம், விட்டுப்போன ஆட்டம், எல்லாம் வரும்.

முகத்தை விட்டுவிட்டோம் என்றால், குரலில் துளியும் விட்டுக்கொடுக்க முடியாது. எங்கள் உழைப்பில் பெரும்பகுதி ஒலிக்குத்தான் போகிறது. கேட்பவர்களில் பலர் திரையைப் பார்ப்பதே இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். கடையில் சால்டரிங் செய்துகொண்டே, வண்டியில் போய்க்கொண்டே கேட்கிறார்கள். அந்த இரைச்சலையும் தாண்டி ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும்.

நம் ஊரில் ஒலிப்பதிவுக்கு முதல் எதிரி மின்விசிறி. அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பேசு என்று யாரிடமும் சொல்ல மனசு வராது. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் விடிகாலையில் பதிவு வைத்துக்கொள்கிறோம். அப்போது வெப்பமும் குறைவு, தெருவில் வண்டியும் குறைவு. மைக் விலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சல் அப்படியேதான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக், சட்டையில் சரியான இடத்தில் இருந்தால், மேஜையின் மறுகோடியில் வைத்த விலை உயர்ந்த மைக்கைத் தோற்கடித்துவிடும். எதிரொலிக்கு, துணி அடைத்த பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பேசச் சொல்கிறோம். மெத்தையைச் சுவரில் சாய்த்தாலும் நல்ல பலன் உண்டு. இரைச்சலைச் சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாம் என்று நினைத்து அந்த வசதியை முழுசாகத் திருகினால், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பதிவின்போதே சரிசெய்வதுதான் சரி.

பேசுகிறவர்கள் வேறு வேறு ஊரில் இருப்பதால் டிஸ்கார்டில்தான் கூடுகிறோம். ஆனால் டிஸ்கார்டில் வரும் ஒலியை நிகழ்ச்சியில் போடுவதில்லை. இணையத்தின் வேகத்துக்கு ஏற்ப அது நசுங்கியும் விட்டு விட்டும் வரும். ஒவ்வொருவரும் தன் போனிலேயே தன் குரலைத் தனியாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். டிஸ்கார்டு பதிவை அடியில் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குரலையும் அதோடு ஒத்துப்போகும்படி நகர்த்தி வைப்போம். இரண்டு போன்களின் கடிகாரம் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது. தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய குரல் ஒரு மணி நேரத்துக்குப் பின் கொஞ்சம் விலகியிருக்கும், அதனால் கடைசியிலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இன்னொன்று, உங்கள் பங்கை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்பாதீர்கள், அது ஒலியைப் பிழிந்துவிடும். ரெக்கார்டர் செயலியில் பதிந்து 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். கடைசியில் மொத்த ஒலியின் அளவை -14 எல்யூஎஃப்எஸ் அருகில் வைக்கிறோம். அதைவிட உரக்க இருந்தால் யூடியூபே குறைத்துவிடும், மெதுவாக இருந்தால் கூட்டித் தராது.

திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் என்ற மென்பொருள் போதும், இலவசம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். சாதாரண எம்பி4 வடிவத்தில் பதியும்போது நடுவில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம். எம்கேவி வடிவத்தில் பதிந்தால் கரண்ட் போன நொடி வரைக்குமான படம் பத்திரமாக இருக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இருக்கிறது.

சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் ஆசைதான், எனக்கும் உண்டு. ஆனால் யூடியூபின் கன்டென்ட் ஐடி சில நொடி இசையைக்கூட அடையாளம் கண்டுவிடும், அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சில நேரம் வீடியோவே மறைந்துவிடும். எங்கள் கிளானில் பறை வாசிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் மொட்டை மாடியில் வாசித்ததைப் பதிந்து முகப்பு இசையாக வைத்திருக்கிறோம். இன்றைக்கு அந்த அடி கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று தெரியும். எந்தப் பாட்டும் அதைத் தந்திருக்காது.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன்.

எங்கள் கிளானில் பெண்களும் விளையாடுகிறார்கள். அவர்களில் ரொம்பப் பேர் மைக்கை ஆன் செய்ததே கிடையாது. வெளியாட்களோடு ஆடும்போது பெண் குரல் கேட்ட மறுநிமிஷம் என்ன மாதிரிப் பேச்சு வரும் என்று விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். சிலருக்கு விளையாடுவதே வீட்டுக்குத் தெரியாது. கேமரா வைத்து நிகழ்ச்சி எடுத்திருந்தால் இவர்களில் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்கள். முகம் இல்லை, சொந்தப் பெயர் வேண்டாம், பிடிக்காத வரியைச் சொன்னால் வெட்டிவிடுவோம் என்று சொன்ன பிறகு ஒரு அக்கா வந்தார். டெல்டா பக்கம், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எங்கள் கிளானில் ஸ்னைப்பர் என்றால் அவர்தான், ஆனால் அந்தக் குரலை நாங்களே அன்றைக்குத்தான் முதலில் கேட்டோம். பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசினார். "அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா, ரிவைவ் பண்ணத்தான் கூப்பிடுவாங்க" என்றார். எடிட் செய்யும் தம்பி அந்த இடத்தில் இசை போடலாமா என்று கேட்டான். ஒன்றும் போட வேண்டாம், ஜீப் ஓடட்டும் என்றேன்.

அந்தப் பகுதி வந்த பிறகு, அதுவரை பேசாமலே இருந்த பெண்கள் சிலர் தாங்களும் பேசலாமா என்று கேட்டார்கள். காசில்லாமல் கேமராவை விட்டோம் என்பது உண்மை. இப்போது யாராவது நல்ல கேமரா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாலும் இந்த நிகழ்ச்சிக்கு அதைப் பயன்படுத்த மாட்டேன் என்பதும் உண்மை.

இனி பணம். கருவிச் செலவு சின்னது. போனும் கம்ப்யூட்டரும் ஏற்கெனவே இருப்பவை, மைக்குகள் மட்டும் வாங்கினோம். உண்மையான செலவு எடிட் செய்கிறவரின் இரவுகள். ஒரு மணி நேர அரட்டையை இருபது நிமிஷமாகச் சுருக்குவது சாதாரண வேலை அல்ல. எது சிரிப்பு, எது வெறும் சத்தம், யார் மனசு புண்படும் என்றெல்லாம் யோசித்து யோசித்து வெட்ட வேண்டும். நட்புக்காகச் செய்கிறான் என்று விட்டுவிட்டால் மூன்று மாதத்தில் நட்பும் போகும், நிகழ்ச்சியும் போகும். கிளான் ஆட்கள் கூகுள் பேயில் அனுப்பும் பணம் முதலில் அவனுக்கு, மிச்சம் இருந்தால்தான் மற்றதற்கு. யார் எவ்வளவு தந்தார்கள் என்று சொல்வதில்லை, எதற்குச் செலவானது என்று மாதாமாதம் குழுவில் போட்டுவிடுவோம். விளம்பரம் தருகிறோம் என்று பந்தயச் செயலிக்காரர்கள் வந்தார்கள். வேண்டாம் என்றோம். அந்தச் செயலிகளில் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற நிகழ்ச்சியில் அந்த விளம்பரம் ஓடக் கூடாது.

உரிமை யாருக்கு என்பதை முதல் வாரமே எழுதி வையுங்கள். ஃபெலிசியா டே இதில் கெட்டிக்காரர். 'தி கில்டு'க்கு இரண்டாவது சீசனிலிருந்து மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் வந்தபோதும் தொடரின் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ரூஸ்டர் டீத் வேறு திசையில் போனது. கை மாறி மாறிப் பெரிய நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தது. 2024 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி அதை மூடுவதாக அறிவித்தது. 'ரெட் வெர்சஸ் ப்ளூ'வின் கடைசிப் படம் அந்த வருஷமே வந்தது. 2025-இல் பர்னி பர்ன்ஸ் ரூஸ்டர் டீத் என்ற பெயரைத் திரும்ப வாங்கினார். தான் தொடங்கியதைத் தானே விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்று படித்தபோது, சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே வந்தது எனக்கு.

எங்களுடையதில் விற்க ஒன்றுமில்லை என்றாலும் ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் சம்மதம் சொல்லியிருக்கிறோம். சேனல் கிளானுடையது. கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கும். பேசிய குரல் பேசியவருடையது, எப்போது கேட்டாலும், காரணம் சொல்லாமல் கேட்டாலும், அதை எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு ஏற்கெனவே வேலை வந்துவிட்டது. கல்யாணம் நிச்சயமான ஒருவர், தான் பேசிய பகுதி வேண்டாம் என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீடியோ. யூடியூபில் ஏற்றிய வீடியோவில் நடுவில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்க அதன் எடிட்டரிலேயே வழி இருக்கிறது, சுட்டி மாறாது, கமென்ட்டும் போகாது. அன்று மாலையே வெட்டிவிட்டு அவருக்குச் செய்தி அனுப்பினோம். அவர் இன்னும் கிளானில்தான் இருக்கிறார், வாரக்கடைசியில் ஆட வருகிறார்.